வெஸ்ட்மின்ஸ்டரில் காசில்லாத ஓர் இருக்கை: பிரிட்டிஷ் வெளியுறவுக் குழுவின் விசாரணையைப் போய்ப் பார்த்தேன்

லண்டனுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் பிக் பென் முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்து, பாலத்தைத் தாண்டி அந்தப் பெரிய ராட்டினத்தில் ஏற்றி இறக்கி, வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவேன். அந்தக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம், கறுப்புப் புகைபோக்கிகளோடு ஒரு கட்டடம் நிற்கும். போர்ட்குல்லிஸ் ஹவுஸ். அதற்குள் யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து, ஒரு அமைச்சரையோ பெரிய அதிகாரியையோ எம்.பி.க்கள் மணிக்கணக்கில் கேள்வி கேட்பதைப் பார்க்கலாம், அதற்குக் காசும் இல்லை, முன்பதிவும் வேண்டாம் என்பது போன வருடம்தான் எனக்குத் தெரிந்தது. இதுவரை நான்கு முறை போயிருக்கிறேன், நான்கும் வெளியுறவுக் குழுவின் விசாரணைகள். இணையத்தில் இதைப் பற்றித் தமிழில் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. சரி, நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு அமைச்சகத்தையும் கண்காணிக்க ஒரு தெரிவுக் குழு என்ற ஏற்பாடு பிரிட்டனில் 1979-இல் வந்தது. வெளியுறவு அமைச்சகத்துக்கு உரிய குழுவில் 11 எம்.பி.க்கள், சபையில் கட்சிகளுக்கு எவ்வளவு பலமோ அந்தக் கணக்குப்படி. 2010 முதல் தலைவரைச் சபை முழுக்க ரகசிய வாக்கில் தேர்ந்தெடுக்கிறார்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம், ஆனால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. கட்சிக் கொறடா கைகாட்டும் ஆள் தலைவராக வந்தால் அவர் அமைச்சரைக் கடிந்துகொள்ள மாட்டார். சக எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டு உட்காரவைத்த ஆள், தன் கட்சி அமைச்சரிடமே கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் என்று சொல்ல முடியும். 2024 முதல் எமிலி தோர்ன்பெரி தலைவர். அவர் ஆளும் தொழிற்கட்சிக்காரர்தான்.

இனிப் போகும் வழி. வெஸ்ட்மின்ஸ்டர் ரயில் நிலையத்தில் இறங்கினால் கட்டடம் உங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது. பார்வையாளர் வாசல் ஆற்றங்கரைச் சாலைப் பக்கம், விக்டோரியா எம்பாங்க்மென்டில். விமான நிலையத்தில் போலவே பையை இயந்திரத்தில் விடுவார்கள், பெல்ட்டைக் கழற்றச் சொல்வார்கள். எந்தக் குழு விசாரணைக்கு வந்தீர்கள் என்று கேட்பார்கள், குழுவின் பெயரைச் சொன்னால் போதும். எந்தக் கட்சி, ஏன் வந்தாய், யார் அனுப்பியது என்று ஒரு கேள்வி கிடையாது. உள்ளே நுழைந்தால் கண்ணாடிக் கூரை, அதன் கீழே வரிசையாக அத்தி மரங்கள், மரத்தடியில் எம்.பி.க்களும் உதவியாளர்களும் காபியோடு பேசிக்கொண்டிருப்பார்கள். விசாரணை அறைகள் மேலே முதல் மாடியில். பழைய தலைவர்களின் பெயர்களை அறைகளுக்கு வைத்திருக்கிறார்கள், தாட்சர் அறை, வில்சன் அறை, அட்லி அறை என்று.

இரண்டாவது முறை போனபோது ஈஸ்ட் ஹாமில் எனக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், வயது அறுபத்தைந்துக்கு மேல். "எங்களை உள்ள விடுவினமோ தம்பி?" என்று ரயிலில் இரண்டு முறை கேட்டார். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே இருக்கும் பாராளுமன்றச் சதுக்கத்தின் புல்வெளியைப் பார்த்தபடி நின்றுவிட்டார். "உதிலதான் தம்பி நிண்டனாங்கள்" என்றார். 2009 ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரைக்கும் வன்னியில் போரை நிறுத்தச் சொல்லி ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்தப் புல்வெளியில் இரவும் பகலும் இருந்தார்களே, அதில் அவரும் ஒருவர். வேலை முடிந்து நேராக இங்கே வந்து, விடிகாலையில் முதல் ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் திரும்ப வேலைக்குப் போன நாட்களைச் சொன்னார். இந்தக் கட்டடத்தை அன்றைக்கெல்லாம் தினமும் பார்த்திருக்கிறார். ஒருநாளும் உள்ளே போனதில்லை. போகலாம் என்று யாரும் சொன்னதும் இல்லை.

சரி, அறைக்கு வருவோம். குதிரை லாடம் மாதிரி வளைந்த மேசை, அதைச் சுற்றி எம்.பி.க்கள், திறந்த பக்கத்தில் அவர்களைப் பார்த்தபடி சாட்சிகள். சாட்சிக்குப் பின்னால் இரண்டு மூன்று வரிசை நாற்காலிகள், அதுதான் நமக்கு. மேசைக்கும் நமக்கும் நடுவில் கண்ணாடித் தடுப்பு எதுவும் கிடையாது. பிரதமர் கேள்வி நேரம் நடக்கும் பெரிய சபையில் பார்வையாளர் மாடத்துக்கு முன்னால் கனமான கண்ணாடி போட்டிருப்பார்கள். இங்கே அமைச்சர் கழுத்துப் பட்டையைத் தளர்த்துவது, தண்ணீர் டம்ளரைத் தூக்கிவிட்டுக் குடிக்காமலே வைப்பது எல்லாம் எட்டடி தூரத்தில் தெரிகிறது. நமக்கு முன்வரிசையில் அமைச்சக அதிகாரிகள் தடித்த கோப்புகளோடு இருப்பார்கள். கடினமான கேள்வி வந்ததும் ஒருவர் அவசரமாக ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முன்னால் தள்ளுவார். அந்தச் சீட்டு போன அடுத்த நிமிடம் பதிலின் தொனியே மாறும். அதைப் பார்ப்பதற்காகவே இரண்டு மணி நேரம் உட்காரலாம்.

நான் பார்த்ததில் மனதில் நின்றது ஒரு சின்ன இடம். ஒரு பெண் எம்.பி. அதிகாரி ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டார், இன்ன முடிவை எடுத்த நாளில் அந்த அறையில் இருந்தவர்களில் மிக மூத்தவர் யார் என்று. அதிகாரி நடைமுறையை விளக்கினார். எம்.பி. குரலை உயர்த்தவில்லை, அதே கேள்வியை அதே சொற்களில் மறுபடி கேட்டார். அதிகாரி இந்த முறை அந்த வாரத்தின் நெருக்கடியை விளக்கினார். மூன்றாவது முறையும் அதே கேள்வி. அப்போதுதான், அதைச் சரிபார்த்து எழுத்தில் தருகிறேன் என்றார். தலைவர் உடனே தேதி கேட்டார். குழுவின் செயலர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் குறித்துக்கொண்டார். அண்ணை என் காதருகே, "மூண்டு தரம் கேட்டும் ஆள் மறுமொழி சொல்லேல்லை, பாத்தீரோ" என்றார். பார்த்தேன் அண்ணை. நான் மட்டுமா, கேமராவும் பார்த்தது. சொன்னது ஒவ்வொரு சொல்லும் அச்சுப் பிரதியாக இணையத்தில் ஏறிவிட்டது. எந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை என்பதும் அதில் அப்படியே இருக்கிறது.

நடுவில் சுவரில் மணி அடிக்கத் தொடங்கினால் பயப்படாதீர்கள். சபையில் வாக்கெடுப்பு. எம்.பி.க்கள் எல்லோரும் எழுந்து ஓடுவார்கள், விசாரணை கால் மணி நேரம் போல நிற்கும். அதேபோல அறிவித்த நேரத்துக்கே கதவு திறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பொது விசாரணைக்கு முன்னால் குழு தனியாகப் பேசும், அதுவரை வெளியே நடைபாதையில் காத்திருக்க வேண்டும். போகிற அன்று காலையில் குழுவின் பக்கத்தில் நேரத்தையும் அறை எண்ணையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. படம் எடுக்கக் கூடாது, போனை மௌனத்தில் போட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், வரலாம்.

இதெல்லாம் பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதனால் என்ன நடக்கிறது? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இதற்கு நட்சத்திரம் போட எனக்கு மனமில்லை.

ஆப்கானிஸ்தான் விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் தாலிபான் கையில் விழுந்தது. பிரிட்டனுக்காக வேலை செய்தவர்களும் ஆபத்தில் இருந்தவர்களும் எங்களை வெளியே எடுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வெளியுறவு அமைச்சகத்தில் அப்போது வேலை பார்த்த ரபேல் மார்ஷல் என்ற இளைஞர் பிறகு இந்தக் குழுவுக்கு எழுத்துமூலமாகச் சாட்சியம் கொடுத்தார். ஆகஸ்ட் 21, சனிக்கிழமை பிற்பகலில் ஒரு கட்டத்தில் அந்த அஞ்சல் பெட்டியைப் பார்க்கத் தான் ஒருவன் மட்டுமே இருந்ததாக எழுதினார். ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்கள் திறக்கப்படாமலே கிடந்தன, விண்ணப்பித்தவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான் ஏதாவது உதவி கிடைத்திருக்கும் என்பது அவருடைய மதிப்பீடு. இதைக் குழு 2021 டிசம்பரில் வெளியிட்டது. அதே மாதம் அமைச்சகத்தின் தலைமை அதிகாரி பிலிப் பார்ட்டனை அழைத்து உட்காரவைத்தார்கள். காபூல் விழுந்த பிறகும் ஆகஸ்ட் 26 வரை அவர் விடுமுறையில்தான் இருந்தார் என்பது அங்கே எல்லோர் முன்னாலும் வெளிவந்தது. அதற்கு முந்தைய வருடம் கொஞ்ச காலம் டெல்லியில் பிரிட்டிஷ் தூதராக இருந்தவர் அவர். மறுவருடம் மே மாதம் வந்த அறிக்கை, அவர் தன் பதவியைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று பச்சையாகச் சொன்னது. குழுவில் அப்போதைய ஆளும் கட்சியான கன்சர்வேடிவ்காரர்களே பெரும்பான்மை, அன்றைய தலைவர் டாம் டூகன்ஹாட்டும் அதே கட்சி, ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய முன்னாள் ராணுவக்காரர்.

பார்ட்டன் போனாரா? இல்லை. 2025 ஜனவரி வரைக்கும் பதவியில் இருந்தார். குழுவால் கேட்க முடியும், எழுத முடியும், வேலையை விட்டு எடுக்க முடியாது. அறிக்கைக்கு இரண்டு மாதத்துக்குள் அரசு பதில் தர வேண்டும் என்பது மரபு. அந்தப் பதில் 'குழுவின் கருத்தைக் கவனத்தில் கொள்கிறோம்' என்ற அளவிலேயே நின்றுவிட்டாலும் அதற்கு மேல் செய்ய வழியில்லை. சாட்சிகளை அழைக்க அதிகாரம் இருக்கிறது, ஆனால் எம்.பி.க்களையும் அமைச்சர்களையும் கட்டாயப்படுத்த முடியாது. 2016-இல் லிபியா போர் பற்றி இதே குழு அறிக்கை எழுதியபோது, பிரதமராக அந்தப் போருக்குள் நாட்டை இறக்கிய டேவிட் கேமரன் நேரில் வந்து சாட்சியம் சொல்ல மறுத்துவிட்டார். குழுவோ எழுதாமல் விடவில்லை. பொதுமக்களுக்கு இருந்த ஆபத்து மிகைப்படுத்திச் சொல்லப்பட்டதை அரசு கண்டுகொள்ளவில்லை என்று அவர் இல்லாமலே எழுதிவிட்டார்கள். 2011 மார்ச்சில் அந்தப் போருக்கு ஆதரவாகச் சபையில் விழுந்த வாக்குகள் 557, எதிர்த்தவை 13. அந்தப் பதின்மூன்று பேர் கேட்ட கேள்விகளுக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் பதில் அச்சில் வந்தது.

தாமதம். எனக்கு இதில் இருக்கும் பெரிய குறையே இதுதான். போரைத் தொடங்கும் அதிகாரம் இந்த நாட்டில் இன்றைக்கும் அரசரின் பெயரால் பிரதமர் கையில்தான் இருக்கிறது, வாக்கெடுப்பு நடத்தியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. 2003 மார்ச் 18-இல் இராக் போருக்கு முன்னால் வாக்கெடுப்பு நடந்தது, 412-க்கு 149. அதிலிருந்து ஒரு வழக்கம் உருவான மாதிரி தெரிந்தது. 2013 ஆகஸ்டில் சிரியா மீதான நடவடிக்கைக்குக் கேமரன் சபையில் ஒப்புதல் கேட்டு 272-க்கு 285 என்று தோற்றார், தோற்றதும் சபை சொன்னதை ஏற்றுக்கொண்டார், குண்டு விழவில்லை. 2018 ஏப்ரலில் தெரசா மே சபையைக் கேட்காமலே சிரியாவில் தாக்கினார். அப்படியானால் அந்த வழக்கம் பிரதமரின் விருப்பத்தைப் பொறுத்தது என்றுதான் ஆகிறது. இது எனக்கு ஏற்பில்லை. இத்தனை நன்றாகக் கேள்வி கேட்கத் தெரிந்த ஒரு நாடாளுமன்றம், போருக்கு முன்னால் கேட்கும் உரிமையைச் சட்டமாக்கிக்கொள்ளாமல் இருப்பது பெரிய தவறு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த மாதிரி அறைகளில் உட்காருகிறவர்கள் எல்லோரும் அமைச்சர்கள் இல்லை. 2003 ஜூலை 15 அன்று பிரிட்டிஷ் அரசின் ஆயுத நிபுணர் டேவிட் கெல்லி இதே வெளியுறவுக் குழு முன் வந்தார். இராக்கின் ஆயுதங்கள் பற்றிப் பத்திரிகையாளரிடம் பேசியவர் அவர்தானா என்பது கேள்வி. கடும் வெயில் நாள். அவர் குரல் அவ்வளவு மெல்லியதாக இருந்ததால், கேட்பதற்காக அறையில் மின்விசிறிகளை நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் அவர் இறந்து கிடந்தார். அந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும். அதிகாரத்தைக் கேள்வி கேட்பது வேறு, அதிகாரம் கைவிட்டுவிட்ட ஒரு தனி மனிதரை நெருக்குவது வேறு. கேட்கிறவர்கள் இந்த வித்தியாசம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

நம் ஆட்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட பக்கங்களும் இதில் உண்டு. அண்ணைக்கு அதைக் காட்டியபோது அவர் நீண்ட நேரம் பேசவில்லை. 2009 ஆகஸ்டில், முள்ளிவாய்க்கால் முடிந்து மூன்று மாதத்தில், ஆயுத ஏற்றுமதியைக் கண்காணிக்கும் எம்.பி.க்கள் குழுக்கள் ஓர் அறிக்கை வெளியிட்டன. இலங்கைக்குக் கொடுத்த எல்லா உரிமங்களையும் மறுபரிசீலனை செய்யுங்கள், அந்தப் போரில் பிரிட்டிஷ் ஆயுதங்களும் உதிரிபாகங்களும் பயன்பட்டனவா என்று மதிப்பிட்டுச் சொல்லுங்கள் என்று அதில் அரசைக் கேட்டிருந்தார்கள். 2012-இல் வெளியுறவுக் குழு காமன்வெல்த் பற்றிய அறிக்கையில், மனித உரிமை நிலைமை மேம்பட்டதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடைத்தாலொழியக் கொழும்பில் நடக்கவிருந்த காமன்வெல்த் தலைவர்கள் மாநாட்டுக்குப் பிரதமர் போகக் கூடாது, அதை வெளிப்படையாகவும் சொல்ல வேண்டும் என்றது. 2013 நவம்பரில் கேமரன் போனார். கனடா பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் போகவில்லை, மன்மோகன் சிங்கும் போகவில்லை. கேமரன் போனதோடு யாழ்ப்பாணத்துக்கும் போனார், காணாமல்போனவர்களின் தாய்மார் படங்களோடு அவரைச் சூழ்ந்துகொண்டதை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். குழு சொன்னதைக் கேட்டு அவர் வீட்டிலேயே இருந்திருந்தால் நல்லதா, போய் அந்தத் தாய்மாரைப் பார்த்தது நல்லதா என்று எனக்கும் அண்ணைக்கும் அன்றைக்குத் திரும்பும் ரயிலில் பெரிய வாக்குவாதம். கேமரன் போனது சரி என்கிறார் அண்ணை. நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இந்தியாவோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அங்கேயும் வெளியுறவு நிலைக்குழு இருக்கிறது, மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். 2018-இல் சசி தரூர் தலைமையில், சீனாவோடு டோக்லாமில் ஏற்பட்ட மோதல் பற்றி விரிவான அறிக்கை கொடுத்தார்கள். ஆனால் கூட்டங்கள் மூடிய கதவுக்குள். செயலர் என்ன கேள்விக்குத் தடுமாறினார், எந்த எம்.பி. விடாமல் கேட்டார் என்று ஒரு சாதாரண ஆள் நேரில் பார்க்க வழியே இல்லை. கதவை மூடினால் கட்சி மறந்து மனம்விட்டுப் பேசுவார்கள் என்று ஒரு நியாயம் சொல்வார்கள். இருக்கலாம். ரகசிய உளவு விஷயங்களுக்கு அது பொருந்தும், பிரிட்டனிலும் உளவுத்துறையைக் கண்காணிக்கும் குழு பெரும்பாலும் மூடிய அறையில்தான் கூடுகிறது. அதன் ரஷ்யா அறிக்கை 2019 அக்டோபரில் பிரதமர் கைக்குப் போய், 2020 ஜூலையில்தான் வெளியே வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் மீனவர் பிரச்சினையும் விசா தாமதமும் வளைகுடாவில் சிக்கிய தொழிலாளர் விஷயமும் என்ன ரகசியம்? ராமேஸ்வரத்திலிருந்து ஒரு மீனவர் டெல்லிக்குப் போய் அந்தக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்க முடிந்தால் பதில் சொல்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார் என்று நம்புகிறேன்.

நேரில் வர முடியாதவர்களுக்கு பார்லிமென்ட்லைவ் டிவி இருக்கிறது. நேரலையும் உண்டு, பழைய விசாரணைகளும் உண்டு, வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளவும் வசதி இருக்கிறது. சென்னையில் இருந்தும் பார்க்கலாம், யாழ்ப்பாணத்தில் இருந்தும் பார்க்கலாம். எழுத்துப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள், வேகமான ஆங்கிலம் பழகாதவர்களுக்கு அது பெரிய உதவி. என்றாலும் கேமரா பேசுகிறவர் முகத்தைத்தான் காட்டும், துண்டுச் சீட்டைக் காட்டாது. முடிந்தவர்கள் நேரில் போங்கள். பிரதமர் கேள்வி நேரத்துக்குப் போவதாக இருந்தால் அதையும் ஒருமுறை பாருங்கள், சத்தமும் கூச்சலும் ஒரு அனுபவம்தான், ஆனால் ஒரு கேள்விக்கு அரை நிமிடம், பதிலுக்கு ஒரு நிமிடம், அடுத்த ஆள் எழுந்துவிடுவார். ஒரே விஷயத்தைத் தோண்டிக்கொண்டே போவது இந்தச் சின்ன அறையில்தான். பதினைந்து வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த ஒன்றைப் பிடித்துவைப்பது தாமதத்துக்காகவும், வர மறுக்கிற பிரதமரை ஒன்றும் செய்ய முடியாததற்காகவும்.

அப்புறம், எழுத்துமூல சாட்சியம் எம்.பி.க்களுக்கும் பேராசிரியர்களுக்கும் மட்டும் உரியதில்லை. குழு ஒரு விசாரணையை அறிவித்ததும் அதற்கான தலைப்பையும் கடைசி நாளையும் இணையத்தில் போடுவார்கள், யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், பொதுவாக 3,000 சொல்லுக்குள் இருக்க வேண்டும். ஏற்றுக்கொண்டால் நாடாளுமன்றப் பாதுகாப்பு உண்டு, பெயரை மறைக்கும்படியும் கேட்கலாம். இதை அண்ணையிடம் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய்க்கிழமை இரவு கதவைத் தட்டினார். கையில் பள்ளிக்கூட நோட்டு, நாற்பது பக்கத்துக்குத் தமிழில் எழுதியிருந்தார், எல்லாம் 2009 ஏப்ரலில் இருந்து. இப்போது குழு எடுத்திருக்கும் தலைப்புகள் எதிலும் இது பொருந்தாதே அண்ணை என்றேன். "பரவாயில்லை, பொருந்துறது வரட்டும், நீர் இங்கிலீசில மாத்தி வையும்" என்றார். ஒன்பதாவது பக்கத்தில் இருக்கிறேன்.